பித்தளையைத் துலக்கும் பொறிகள்

கார்த்திகைத் திருநாள் நெருங்கினால் நம் வீடுகளில் பித்தளை விளக்குகள் பரணிலிருந்து கீழே இறங்கும். ஓராண்டுக் கருமை படிந்த விளக்கை இல்லத்தரசியார் புளியும் உப்பும் கொண்டு தேய்த்து, நல்ல நீரில் அலம்பி, ஈரம் போகத் துணியால் துடைத்து வைப்பார். சிறிது நேரத்தில் விளக்கு பொன்போல் ஒளிவிடும். எளிய வேலைதான்; எனினும் அதனுள் மூன்று செயல்கள் அடங்கியிருக்கின்றன. புளியிலுள்ள அமிலம் உலோகத்தின்மேல் படிந்த களிம்பைக் கரைக்கிறது. தேங்காய் நார் அதை உரசி எடுக்கிறது. நீர் அதை அடித்துக்கொண்டு போகிறது. பித்தளையைத் துலக்குவதற்கென்று இன்று விற்கப்படும் பொறிகள் யாவும், எவ்வளவு விலை பெற்றவையாயினும், இம்மூன்று செயல்களுள் ஒன்றையோ இரண்டையோ மூன்றையுமோ செய்பவையே.

விளக்கு ஒன்றாயின் கை போதும். நாள்தோறும் பல்லாயிரம் திருகுகளைக் கடையும் பட்டறைக்கும், சுடப்பட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மூட்டை மூட்டையாகச் சேரும் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்கும் கை போதாது. அங்கே பொறி வேண்டும். எந்தப் பொறியை எதற்குத் தேர்ந்தெடுப்பது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம்.

நாம் பொறியியல் கற்றவரல்லர். கல்லூரியில் வரலாறு பயின்று, தில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் காலம் கழிப்பவர். சிறு பட்டறைகளில் பாதுகாப்பு என்னும் பொருள் பற்றிய கையேடு ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் தமிழாக்கத்துக்காக நம் மேசைக்கு வந்தது. அதில் ஒரு பொறியின் பெயரை உருட்டுப் பீப்பாய் என்பதா, புரட்டுப் பீப்பாய் என்பதா என்று இரண்டு நாள் தடுமாறினோம். பொருளைக் காணாமல் சொல்லைத் தேடுவதில் பயனில்லை என்று அப்போது உணர்ந்தோம். அவ்வாண்டு விடுமுறையில் குடும்பத்துடன் துவாரகைக்குச் சென்றபோது, வழியில் ஜாம்நகரில் ஒரு நாள் தங்கி, நண்பர் ஒருவர் வாயிலாகப் பித்தளைப் பட்டறை ஒன்றைக் காணும் வாய்ப்புப் பெற்றோம்.

குஜராத்தின் கடற்கரையை ஒட்டிய ஜாம்நகர் பித்தளைச் சிறு பாகங்களுக்குப் பெயர்போன ஊர். சங்கர் டேக்ரி, தரேட் முதலிய தொழிற்பேட்டைகளில் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் இயங்குகின்றன. நம் வீட்டு மின்செருகியின் முனைகள், எரிவாயு அடுப்பின் பாகங்கள், சைக்கிள் டியூபின் வால்வு, பலவகைத் திருகுகள் ஆகியவற்றுள் பல அங்கே பிறந்தவை. இவற்றுக்கு வேண்டிய உலோகத்தில் பெரும் பங்கு பழைய பித்தளையை உருக்கிப் பெறப்படுவது. அப்பழைய பித்தளை உள்நாட்டிலிருந்தும் கப்பல் வழியே பல வெளிநாடுகளிலிருந்தும் வருகிறது. குழாய், பூட்டு, பாத்திரம் ஆகியவற்றுக்கிடையே சில வேளைகளில் சுடப்பட்ட தோட்டாக் கூடுகளும் அதில் கலந்திருக்கும்.

நாம் சென்ற பட்டறையில் பழைய மரப் பீப்பாய் ஒன்று மோட்டாரால் சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே பித்தளைப் பாகங்களும் மரத்தூளும் இருந்தன. பொறி நின்றதும் ஒரு பெண்மணி பாகங்களை வாரிச் சல்லடையிலிட்டுச் சலித்தார். மேகம்போல் தூசு எழுந்தது. அருகே அவருடைய மூன்று வயதுப் பெண் குழந்தை, சலித்துப்போட்ட தூளின்மேல் அமர்ந்து பளபளக்கும் வளையங்களைக் கோத்து விளையாடிக்கொண்டிருந்தது.

பட்டறை உரிமையாளர் புதுப் பொறி வாங்கும் எண்ணத்தில் இருந்தார். அதிர்வுத் தொட்டிக்கு ஒன்றும், நீர்ப் பீப்பாய்க்கு ஒன்றுமாக இரண்டு விலைப்பட்டியல்களை நம்மிடம் காட்டி, "சாஹேப், தில்லியிலிருந்து வருகிறீர்கள். எதில் பளபளப்பு அதிகம் வரும் என்று சொல்லுங்கள்" என்றார். நாம் விழித்தோம். எல்லோராலும் காகா என்று அழைக்கப்படும் முதிய மேஸ்திரி இடையே புகுந்து, "பளபளப்பு எதிலும் வரும், சேட். அழுக்கு எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள்" என்றார்.

அந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பொறிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். அழுக்கு அழிவதில்லை, இடம் மாறுகிறது. ஒரு பொறி அதைக் காற்றுக்கு அனுப்பும். மற்றொன்று நீருக்கு அனுப்பும். இன்னொன்று புகையாக்கி அனுப்பும். பொறியைத் தேர்ந்தெடுக்கும்போது, அழுக்கு சேரும் இடத்தையும் நாமே தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

முதலில் அழுக்கின் தன்மையை அறிதல் வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். தோட்டாக் கூட்டுக்குரிய பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். கடைசல் வேலைக்குரிய பித்தளையிலோ செம்பும் துத்தநாகமும் அல்லாமல், சீவல் எளிதாக முறிவதற்கென்று நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு காரீயமும் சேர்க்கப்படுகிறது. ஆகவே கடைந்த பாகத்தின்மீது எண்ணெய்ப் பிசுக்கும் நுண்ணிய சீவலும், அவற்றோடு சிறிது காரீயமும் இருக்கும். சுட்ட தோட்டாக் கூட்டின் அழுக்கு வேறு வகையானது. அதன் அடியில் பிரைமர் என்று வழங்கும் சிறு கிண்ணம் உண்டு. துப்பாக்கியின் ஊசி தாக்கியதும் தீப்பொறியை உண்டாக்குவது அதிலுள்ள மருந்து. அம்மருந்தில் நெடுங்காலமாகக் காரீயம், பேரியம், ஆன்டிமனி ஆகியவற்றின் கூட்டுப்பொருள்கள் பயன்பட்டு வருகின்றன. சுட்டபின் இவை கரியோடு கலந்து கூட்டின் உட்புறத்தில் நுண்தூளாகப் படிகின்றன. கண்ணுக்கு வெறும் கரியாகத் தோன்றும் அது உண்மையில் காரீயம் கலந்த நஞ்சு.

பொறியின் அருகே செல்லுமுன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. அதுதான் பொறுக்கிப் பிரித்தல். பழைய உலோகக் குவியலில் வரும் கூடுகள் எல்லாம் வெற்றுக் கூடுகள் என்று கொள்ளலாகாது. சுடாத தோட்டாவும், வெடிக்காத பிரைமரும், சில வேளை அவற்றினும் பெரிய வெடிபொருள்களும் கலந்து வரக்கூடும். 2004-ஆம் ஆண்டு செப்டம்பரில், தில்லியை அடுத்த காசியாபாத் மாவட்டத்தில் எஃகுத் தொழிற்சாலை ஒன்றில், இறக்குமதியான பழைய உலோகத்தோடு வந்த வெடிகுண்டு வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். அதன் பின்னர் பழைய உலோகத்தைக் கப்பலில் ஏற்றுமுன் சோதித்துச் சான்று பெறுவதற்கான விதிகளை அரசாங்கம் கடுமையாக்கியது. எனினும் சான்று இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொள்வது அறிவுடைமையன்று. ஒவ்வொரு கூட்டையும் கையிலெடுத்து வாய்ப்புறத்தை நோக்கவேண்டும். முனையில் குண்டு பொருந்தியிருந்தாலும், அடியிலுள்ள பிரைமரில் ஊசி தாக்கிய குழி காணப்படாவிட்டாலும், அதைப் பொறியிலோ உலையிலோ இடாமல் தனியே வைத்துக் காவல்துறைக்கு அறிவிப்பதே முறை.

சட்டத்தையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டாக்களின் பாகங்களையும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும் தோட்டா என்ற சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. கூடுகளில் மீண்டும் மருந்து நிரப்புவது உரிமமின்றிச் செய்யத்தக்க செயலன்று. படைப் பயிற்சித் திடல்களில் சுட்டபின் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணித் திருப்பி ஒப்படைக்கும் வழக்கமும் இதுபற்றியே. நாம் கூறுவது உரிமம் பெற்றோருக்கும், பழைய பித்தளையை முறையாகக் கையாளும் பட்டறையாருக்குமே பொருந்தும்.

சிக்கனம் கருதிய ஒரு குறிப்பும் உண்டு. உருக்கப்போகும் கூட்டுக்குத் துலக்கமே தேவையில்லை. அதற்கு வேண்டுவது சோதனை மட்டுமே. விளையாட்டுத் துப்பாக்கிகளில் பெரிதும் பயன்படும் புள்ளி 22 அளவுத் தோட்டாவின் மருந்து தனிக் கிண்ணத்தில் இல்லாமல் கூட்டின் விளிம்பிலேயே அடைக்கப்பட்டிருக்கும். ஊசி அவ்விளிம்பை நசுக்கிவிடுவதால் அக்கூடு மறுமுறை பயன்படாது. உலைக்குச் செல்லும் அத்தகைய கூடுகளைப் பளபளக்கச் செய்வது மின்சாரத்துக்கும் உழைப்புக்கும் கேடு.

இனிப் பொறிகளுக்கு வருவோம்.

முதலாவது, சுழலும் பீப்பாய். இது மிகப் பழமையானது, எளிமையானது. படுத்த நிலையிலோ சாய்ந்த நிலையிலோ சுழலும் பீப்பாயினுள் பாகங்களும், அவற்றை உரசும் பொருளும் ஒன்றாகப் புரளுகின்றன. உரசும் பொருள் மரத்தூளாகவோ, பொடித்த மக்காச்சோளத் தண்டாகவோ, அக்ரூட் ஓடாகவோ இருக்கலாம். பீப்பாயைப் பாதியளவே நிரப்பவேண்டும். நிறைந்துவிட்டால் உள்ளிருப்பவை புரள இடமிராது. சுழற்சியின் வேகத்துக்கும் எல்லை உண்டு. 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பீப்பாய் நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 சுற்றுகளை எட்டினால், உள்ளிருப்பவை சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றுமேயன்றிப் புரளமாட்டா. அதில் பாதி வேகமே நல்ல வேலைக்கு உகந்தது. பீப்பாய் பெரிதாக ஆக வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் வேலை விரையும் என்று எண்ணுவோர் இங்கே ஏமாறுவர்.

உலர்ந்த பீப்பாயில் அழுக்கு எங்கே போகிறது? மரத்தூளில் ஒட்டிக்கொள்கிறது; தூள் பழசாக ஆக அழுக்கு மிகுகிறது; சலிக்கும்போது தூசாகி மூச்சில் கலக்கிறது. ஜாம்நகரில் நாம் கண்ட மேகம் இதுவே.

இரண்டாவது, அதிர்வுத் தொட்டி. இது வட்டமான தொட்டி ஒன்று வில்சுருள்களின்மேல் நிற்பது. அடியில் உள்ள மோட்டாரின் அச்சில் ஒரு பக்கம் கனமான எடை பொருத்தப்பட்டிருப்பதால், மோட்டார் சுழலும்போது தொட்டி முழுவதும் நடுங்குகிறது. உள்ளே உள்ள பொருள்கள் ஒன்றின்மேலொன்று உரசியவாறு தொட்டியைச் சுற்றி மெல்ல நகருகின்றன. பாகங்கள் விழுந்து மோதாமல் உரசுவதால் மென்மையான விளிம்புகளும் திருகுப் புரிகளும் அடிபடுவது குறைவு. பொறி ஓடும்போதே பாகத்தை எடுத்துப் பார்க்கும் சௌகரியமும் உண்டு. இதிலும் உலர்ந்த பொருளைப் பயன்படுத்தினால் தூசுத் தொல்லை நீங்காது. மூடி வேண்டும், பொறி நின்று தூசு அடங்கியபின்னரே மூடியைத் திறக்கவேண்டும், ஈரத் துணித் துண்டுகள் சிலவற்றை உள்ளே போட்டால் அவை தூசில் ஒரு பங்கைப் பற்றிக்கொள்ளும். சுட்ட கூடுகளுக்கு இவையும் போதா என்பதே நம் கருத்து. பட்டறைப் பாகங்களுக்குப் பீங்கான் கற்களையும் சோப்பு நீரையும் இட்டு ஈரமாக ஓட்டுவது மேல். அக்கற்களின் அளவில் கவனம் தேவை. பாகத்தின் துளைக்குள் சரியாகப் பொருந்தும் கல், அங்கேயே இறுகி அடைத்துக்கொள்ளும். துளையினும் நன்கு பெரிய கல்லையோ, தடையின்றி ஊடுருவிச் செல்லும் சிறு கல்லையோ தெரிந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஊசிகளிட்ட நீர்ப் பீப்பாய். இதுவும் சுழலும் பீப்பாயே. ஆனால் உள்ளே மரத்தூளுக்குப் பதிலாக நீரும், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பருமனும் 6 மில்லிமீட்டர் நீளமும் உள்ள துருவேறா எஃகு ஊசிகளும் இருக்கும். சில துளி பாத்திரம் துலக்கும் சோப்பும் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலமும் சேர்ப்பர். சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலுள்ள புளிப்பே. நம் இல்லத்தரசியார் புளியிட்டுத் தேய்த்ததற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. நுண்ணிய ஊசிகள் கூட்டின் உட்புறத்துக்கும், பிரைமர் நீக்கப்பட்ட குழிக்கும் சென்று உரசுவதால், இரண்டொரு மணி நேரத்தில் பித்தளை புதிதுபோல் ஆகும். தூசு என்பது சிறிதும் எழாது. இதன் குறைகளையும் கூறவேண்டும். ஊசிகளைப் பிரிக்கச் சல்லடை வேண்டும். ஒவ்வொரு கூட்டையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே ஊசி தங்கவில்லை என்று உறுதி செய்யவேண்டும். அளவுக்கு மீறி நெடுநேரம் ஓட்டினால் கூட்டின் வாய் விளிம்பு நசுங்கிப் பிசிர் கட்டும். நீரை வடித்தபின் உலர்த்தும் வேலையும் இருக்கிறது.

உலர்த்துதல் சிறு விஷயமன்று. வெப்பக் காற்றுப் பெட்டியில் 60, 70 பாகை அளவில் வைத்தால் போதும். உலையின் வாயிலோ அடுப்பின்மீதோ வைத்துச் சூடேற்றினால் பித்தளை மென்மையாகித் தன் வலிமையை இழக்கும். உப்பு நீர் உள்ள ஊர்களில் கடைசி அலம்பலுக்கு வடித்தெடுத்த நீரைப் பயன்படுத்தாவிட்டால் பாகங்களின்மேல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும்.

நான்காவது, கேளா ஒலித் தொட்டி. மனிதர் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையிலேதான் கேட்கும். இத்தொட்டியின் அடியிலுள்ள கருவி பெரும்பாலும் 40,000 அதிர்வுகளை உண்டாக்குகிறது. அவ்வதிர்வால் நீரில் எண்ணற்ற நுண்குமிழிகள் தோன்றித் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது அருகிலுள்ள அழுக்கை இடித்துப் பெயர்க்கிறது. தூரிகையும் ஊசியும் புகாத துளைக்குள்ளும் நீர் புகுமாதலால், எரிவாயு அடுப்பின் நுண்துளைப் பாகங்களுக்கும் வால்வுகளுக்கும் இதற்கு இணையில்லை. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதிலும் வல்லது. ஆனால் இது கழுவும் பொறியேயன்றி மெருகிடும் பொறியன்று. உள்ளே சென்ற பாகம் தூய்மையாக வெளிவரும்; பளபளப்பாக வரவேண்டும் என்பதில்லை. இதை அறியாமல் வாங்கிவிட்டுப் பொறியைப் பழிப்பவர் பலர்.

இத்தொட்டியை வாங்குமுன் சோதிக்க எளிய வழியுண்டு. மெல்லிய அலுமினியத் தாளை நீரில் செங்குத்தாகப் பிடித்துச் சில நிமிடம் தொட்டியை ஓட்டவேண்டும். தாள் முழுவதும் சீராகப் பொத்தல்களும் குழிகளும் விழுந்தால் தொட்டி நன்று. ஓரிடத்தில் மட்டும் விழுந்தால் அதிர்வு சீராக இல்லை என்று பொருள். பாகங்களைத் தொட்டியின் அடியில் கிடத்தாமல் கம்பிக் கூடையில் தொங்கவிடவேண்டும். ஓடும்போது கையை நீரில் விடலாகாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், சாராயம் போன்ற எரியும் திரவங்களை இத்தொட்டியில் ஒருபோதும் ஊற்றலாகாது.

ஐந்தாவது, அமிலத் தோய்ப்பு. வலிய நைட்ரிக் அமிலமும் கந்தகாமிலமும் கலந்த தொட்டியில் பித்தளையைச் சில நொடிகள் தோய்த்தெடுத்தால் கண்ணைப் பறிக்கும் ஒளி வரும். செலவும் குறைவு. ஆனால் அதிலிருந்து எழும் செம்பழுப்புப் புகை கொடியது. அதைச் சுவாசித்தவர் அப்போதைக்குச் சிறு இருமலோடு வீடு திரும்பிச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். புகையை இழுத்து நீரில் கரைத்துச் சமனாக்கும் அமைப்பு இல்லாத சிறு பட்டறையில் இம்முறைக்கு இடமில்லை என்று துணிந்து கூறலாம். மென்மையான சிட்ரிக் அமிலத்திலும் அளவு தேவை. நெடுநேரம் ஊறிய பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து நீங்க, மேற்பரப்பில் செம்பு மட்டும் எஞ்சி இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். இரும்புப் பாகங்களைப் பித்தளையோடு கலந்திட்டாலும் செம்பு படிந்து நிறம் கெடும்.

துலக்கும் மருந்தைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு வரலாற்றைக் கூறாமலிருக்க இயலாது. ஆங்கிலேயர் ஆட்சியில் மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். அப்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைப்பர். மழை நின்று எடுத்துப் பார்த்தால், பித்தளைக் கூடுகள் பல, குண்டைப் பற்றியிருக்கும் வாய்ப்பகுதியில் வெடித்துக் கீறியிருக்கும். பருவந்தோறும் நேர்ந்தமையால் இதைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தனர். 1921-ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் இதன் காரணத்தை விளக்கினர். லாயத்தில் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா வாயுவும், கூட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்தினுள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து பித்தளையைப் பிளந்தன. இறுக்கம் மட்டுமாயின் பிளவாது. அமோனியா மட்டுமாயினும் அவ்வாறு பிளவாது. இரண்டும் கூடியதே கேடு.

இவ்வரலாறு இன்றும் பயன்படும் பாடம். பித்தளைக்கு மெருகூட்டக் கடைகளில் விற்கும் சில திரவங்களில் அமோனியா கலந்திருக்கிறது. வீட்டு விளக்குக்கு அதனால் பெருங்கேடு இல்லை. அழுத்தித் தட்டி உருவாக்கிய பாகத்துக்கும், தோட்டாக் கூட்டுக்கும் அது ஆகாது. பொறியோடு விற்கப்படும் மருந்தின் சீட்டைப் படித்து, அமோனியா இல்லாததையே வாங்கவேண்டும்.

இனிக் காகாவின் கேள்விக்குத் திரும்புவோம். காற்றுக்குப் போகும் அழுக்கு மனிதரிடம் போய்ச் சேர்கிறது. காரீயம் உடலுக்குள் சென்றால் எளிதில் வெளியேறுவதில்லை, எலும்பில் தங்கிவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தடுக்கிறது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் காரீயம் காணப்பட்டாலே, அது வரும் வழியைக் கண்டுபிடித்து நீக்கவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. பட்டறைக்குள் வராத குழந்தைக்கும் தாயின் சேலைத் தலைப்பிலும் தந்தையின் செருப்பிலும் ஒட்டிச் சென்று அத்தூசு வீட்டில் காத்திருக்கும்.

ஆகவே எந்தப் பொறியாயினும் சில ஒழுங்குகள் கட்டாயம். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். காற்றுக் குழாயால் தூசை ஊதலாகாது. முகத்தில் கட்டிய துணி நுண்தூசைத் தடுக்காது. அதற்கென்று செய்த முகமூடி வேண்டும். உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும். வேலை உடையைப் பட்டறையிலேயே களைந்து தனியே துவைக்கவேண்டும்.

நீருக்குப் போகும் அழுக்கையோ நாம் பிடித்துவிடலாம். இதுவே ஈர முறையின் பெருஞ்சிறப்பு. ஆனால் பிடிக்காமல் சாக்கடையில் விட்டால், பட்டறையின் நஞ்சு ஊராரின் கிணற்றுக்குப் போகும். ஆறு, ஏரிகளில் விடப்படும் கழிவுநீரின் ஒரு லிட்டரில் காரீயம் 0.1 மில்லிகிராமுக்கும், செம்பு 3 மில்லிகிராமுக்கும், துத்தநாகம் 5 மில்லிகிராமுக்கும் மிகலாகாது என்பது நம் நாட்டின் பொது விதி. சிறு பட்டறையும் செய்யத்தக்க முதல் வழி, கழுவிய நீரை ஒரு தொட்டியில் சேர்த்துச் சுண்ணாம்பு கலப்பதாகும். நீரின் புளிப்பு நீங்கிக் காரத்தன்மை ஏறும்போது கரைந்திருந்த உலோகங்களில் பெரும்பங்கு வண்டலாகி அடியில் தங்கும். தெளிந்த நீரைச் சோதித்தபின் வெளியேற்றலாம். வண்டலைக் குப்பையில் கொட்டாமல், அபாயக் கழிவுகளைப் பெற உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கவேண்டும். பல பட்டறைகள் கூடி ஒரே சுத்திகரிப்பு நிலையம் அமைத்துக்கொள்வது இன்னும் நன்று.

இவ்வளவும் அறிந்தபின் தேர்வு கடினமன்று. சுட்ட கூடுகளைத் துலக்க உரிமையும் தேவையும் உள்ளவர், ரப்பர் உட்பூச்சுள்ள, நன்கு மூடத்தக்க நீர்ப் பீப்பாயையே நாடலாம்; ரப்பர் ஓசையையும் அடக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் நுண்துளைகளும் உள்ள பாகங்களுக்கு முதலில் கேளா ஒலித் தொட்டி. மெருகும் வேண்டுமாயின் அதன்பின் ஈர அதிர்வுத் தொட்டி. திருகுப் புரியும் கூரிய விளிம்பும் உள்ளவற்றுக்கு அதிர்வுத் தொட்டி. உருண்டு மோதினாலும் கெடாத உறுதியான பாகங்களுக்குச் சுழலும் பீப்பாய், அதுவும் ஈரமாக. பொறியின் விலையை மட்டும் கணக்கிடாமல் உலர்த்தும் பெட்டி, சல்லடை, வண்டல் தொட்டி, பழுது பார்க்கும் வசதி ஆகியவற்றின் விலையையும் கூட்டியே இரண்டு பட்டியல்களை ஒப்பிடவேண்டும். இயலுமாயின் நம் பாகங்களில் ஒரு படியைக் கொண்டுபோய் விற்பவர் முன்னிலையிலேயே துலக்கிப் பார்ப்பது உத்தமம்.

நாம் விடைபெற்றபோது அப்பட்டறை உரிமையாளர் எதுவும் முடிவு செய்யவில்லை. சில மாதங்களுக்குப் பின் நண்பர் எழுதிய கடிதத்தில் செய்தி வந்தது. நீர்ப் பீப்பாய் வந்துவிட்டதாம். பின்கட்டில் வண்டல் தொட்டி ஒன்றைக் காகாவே நின்று கட்டுவித்தாராம். சேட்டுக்கு இன்னும் ஒரு குறை உண்டாம். உலர்த்துவதற்கு ஒரு மணி நேரம் வீணாகிறதே என்று அலுத்துக்கொள்கிறாராம். சல்லடைக்கு வேலை இல்லாமற்போகவே அந்தப் பெண்மணி எண்ணிக் கட்டும் அறைக்கு மாற்றப்பட்டார் என்றும், குழந்தை இப்போது பட்டறைக்கு வருவதில்லை, பக்கத்து வீதியிலுள்ள அங்கன்வாடிக்குப் போகிறது என்றும் நண்பர் எழுதியிருந்தார்.

கையேட்டில் அப்பொறிக்குப் புரட்டுப் பீப்பாய் என்ற பெயரையே இட்டோம். பெயர் எதுவாயினும், அதை வாங்க நினைக்கும் அன்பர்கள் விலைப்பட்டியலை மேசையில் வைத்துக்கொண்டு காகா கேட்ட கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.